கண்ணாடி இறங்குகிறது, ஏறவில்லை: ஒரு கார்க் கதவும் மின்சுற்றுப் பாடமும்

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் அலகை முடித்த மாணவரிடம், 6 ஓம், 3 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் தொகுபயன் மின்தடை எவ்வளவு என்று கேளுங்கள். 2 ஓம் என்று உடனே சொல்லிவிடுவார். அதே மாணவரிடம் எரியாத டார்ச் ஒன்றைக் கொடுத்து, பழுது எங்கே என்று கேளுங்கள். உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பார். கணக்கு வருகிறது; சுற்றின் வழியே நடந்து போய்ப் பழுதைத் தேடும் பழக்கம் வரவில்லை. பாடநூலில் இருக்கும் சுற்றுகள் எல்லாம் வேலை செய்கிற சுற்றுகள் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

இந்தக் குறையைப் போக்க நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருவது காரின் பவர் விண்டோ. பொத்தானை அழுத்தினால் கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் அமைப்பைத்தான் சொல்கிறேன். மின்கலம், ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், மோட்டார் என்று நம் அலகில் வரும் பொருள்கள் எல்லாம் ஒரே கதவுக்குள்ளும் அதை ஒட்டியும் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் படித்த மின்மோட்டாரும் சேர்ந்துகொள்கிறது. "எங்க வீட்டில் கார் இல்லை சார்" என்று சொல்லும் பிள்ளைகள்தாம் நம் பள்ளிகளில் அதிகம். ஆனால் கால் டாக்ஸி ஓட்டும் அப்பா, மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்க்கும் அண்ணன், பழைய வேனில் ஆள் ஏற்றும் மாமா என்று ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். இந்தப் பாடத்தில் அந்தப் பிள்ளைகளின் குரல் முதலில் கேட்கும். எனக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

கதவு எங்கே கிடைக்கும்? காயலான் கடையில் கிடைக்கும். சென்னை ஆசிரியர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. மற்ற ஊர்களிலும் பழைய வண்டி உடைக்கும் இடங்கள் உண்டு. மோட்டாரும் சுவிட்சும் கழற்றப்படாத ஒரு முன்கதவு, கூடவே இன்னொரு கதவின் சுவிட்ச் ஒன்று; இவ்வளவு போதும். கண்ணாடியை மெக்கானிக் ஒருவரைக் கொண்டு கழற்றிவிட்டு, அதே அளவில் பிளைவுட் பலகையைப் பொருத்தச் சொல்லுங்கள். பக்கக் கண்ணாடி கடினப்படுத்தப்பட்ட கண்ணாடி. உடைந்தால் வகுப்பறை முழுக்கச் சிறு துண்டுகளாகச் சிதறும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கத்தரிக்கோல் போல விரிந்து மடங்கும் ரெகுலேட்டர் உள்ள கதவில், மோட்டாரைத் தனியாகக் கழற்ற முயல வேண்டாம். அதில் சுருள்வில் இழுபட்ட நிலையில் இருக்கும். மோட்டார் விலகியதும் அந்தக் கை வேகமாக வீசி விரலை வெட்டிவிடும். தகட்டு விளிம்புகளுக்கும் பழைய டியூபை வெட்டி உறை போட்டுவிடுங்கள். மின்மூலமாக 12 வோல்ட் பேட்டரி ஒன்றும், அதன் நேர்முனையை ஒட்டியே 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் வேண்டும். 12 வோல்ட் உடலில் பாயாது என்று பிள்ளைகள் துணிச்சலாக இருப்பார்கள். உண்மைதான். ஆனால் குறுக்குச் சுற்று ஏற்பட்டால் கம்பி பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். ஃபியூஸ் இல்லாமல் ஒரு நொடிகூட இணைக்கக் கூடாது.

கதவே கிடைக்காவிட்டால் பொம்மைக் காரின் மோட்டார், 9 வோல்ட் மின்கலம், எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் இருமுனை இருவழி சுவிட்ச் இரண்டு ஆகியவற்றைக் கொண்டு அட்டையில் மாதிரி செய்துகொள்ளலாம். பாடத்தின் சாரம் அதிலும் கிடைக்கும்.

முதல் பாடவேளையில் பலகையை ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறேன்: "மோட்டார் ஒன்றுதான். அது எப்படி இரண்டு பக்கமும் சுற்றுகிறது?" மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் விசையின் திசை மாறும் என்று ஃபிளெமிங்கின் இடக்கை விதியில் படித்ததுதான். ஆனால் சுவிட்ச் அதை எப்படிச் செய்கிறது என்பதைக் கரும்பலகையில் வரைய முற்படும்போதுதான் திணறல் தொடங்கும். பெரும்பாலானோர் மோட்டாரின் ஒரு முனையை நிரந்தரமாக எதிர்முனையில் இணைத்துவிட்டு, மறுமுனையில் சுவிட்சைப் போடுவார்கள். அப்படியானால் கண்ணாடி இறங்கவே முடியாது என்பதை அவர்களே கண்டுபிடிக்க விட்டுவிடுங்கள்.

உண்மையில் நடப்பது இது. யாரும் சுவிட்சைத் தொடாதபோது மோட்டாரின் இரண்டு முனைகளும் எர்த்தில், அதாவது மின்கலத்தின் எதிர்முனையில், இணைந்திருக்கும். ஏற்றும் பக்கம் அழுத்தினால் ஒரு முனை மட்டும் எர்த்தை விட்டு நேர்முனைக்குத் தாவும். மற்றது எர்த்திலேயே நிற்கும். இறக்கும் பக்கம் அழுத்தினால் இது தலைகீழாகும். கையை எடுத்ததும் இரண்டும் மீண்டும் எர்த்துக்கு வரும். முனைகள் இரண்டும் ஒன்றோடொன்று இணைந்துவிடுவதால், சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் ஒரு நொடி மின்னியற்றியாக மாறித் தன்னைத்தானே பிடித்து நிறுத்திக்கொள்ளும். பொம்மை மோட்டாரின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டு அச்சை விரலால் சுற்றிப் பாருங்கள். கம்பி இல்லாதபோது இருந்ததைவிடக் கனமாகச் சுற்றும். இந்தச் சிறு சோதனைக்குப் பிள்ளைகள் முகத்தில் வரும் வியப்பைப் பார்க்க வேண்டும்.

மோட்டாரின் அச்சில் திருகு போன்ற மரை இருக்கிறது. அது பல்சக்கரம் ஒன்றைச் சுழற்றுகிறது. திருகு சக்கரத்தைச் சுழற்றும். ஆனால் சக்கரம் திருகைச் சுழற்ற முடியாது. அதனால்தான் நின்ற கண்ணாடியைக் கையால் அமுக்கி இறக்க முடிவதில்லை. திருடனுக்கு எதிரான பூட்டு இதுவே. மோட்டார் கெட்டால் கண்ணாடி எங்கே நின்றதோ அங்கேயே நின்றுவிடுவதற்கும் இதுவே காரணம்.

இரண்டாம் பாடவேளைதான் முக்கியமானது. வகுப்புக்கு முன்பே நான் ஒரு பழுதை வைத்துவிடுவேன். மாணவர்களுக்கு ஒரு விதி உண்டு: எதையும் கழற்றுவதற்கு முன், எது வேலை செய்கிறது என்று எழுத வேண்டும். வேலை செய்யாததைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். வேலை செய்வதுதான் துப்புச் சொல்லும்.

எளிதான புகாரில் தொடங்கலாம். நான்கு கண்ணாடிகளும் அசையவில்லை. நான்கு மோட்டார்களும் ஒரே நாளில் கெடுமா? கெடாது. நான்குக்கும் பொதுவான இடம் எது? ஃபியூஸ், ரிலே, சாவி. ஃபியூஸின் நிறங்களையும் இங்கே சொல்லிவிடலாம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எரிந்துபோன 20-க்குப் பதிலாக 30 போட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், "கண்ணாடி ஏறும் சார், கம்பி எரியும்" என்று பதில் வர வேண்டும். மூன்று கண்ணாடிகள் ஓட்டுநர் பொத்தானுக்கு மட்டும் கட்டுப்படுகின்றன, பயணிகள் பொத்தானுக்கு அசையவில்லை என்றால் அது பழுதே அல்ல. ஓட்டுநர் பக்கமுள்ள பூட்டுப் பொத்தானை யாரோ அழுத்தியிருப்பார்கள். இதற்காக ஷெட் வரை போய் வந்தவர்கள் உண்டு.

ஒரு கண்ணாடி மட்டும் அசையவில்லை என்றால், கருவி எதுவும் இல்லாமலேயே சுற்றை இரண்டாகப் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. இரவிலோ நிழலிலோ காரின் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, பொத்தானை அழுத்துங்கள். விளக்கு மங்கினால் மோட்டாருக்கு மின்னோட்டம் போகிறது. ஆகவே சிக்கல் மோட்டாரிலோ, கண்ணாடி இறுகிக்கொண்டதிலோ இருக்கிறது. விளக்கு சற்றும் மங்கவில்லையென்றால் சுற்று எங்கோ திறந்திருக்கிறது. வகுப்பறையில் பேட்டரிக்குப் பக்க இணைப்பில் ஒரு சிறு பல்பை வைத்து இதையே செய்து காட்டலாம். மின்கலத்தின் அகமின்தடை என்ற சொல்லை மனப்பாடம் செய்தவர்கள், அதை அன்றுதான் கண்ணால் பார்க்கிறார்கள்.

சுற்று திறந்திருக்கிறது என்றால் எங்கே? கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவில், கீலுக்குப் பக்கத்தில், கருப்பு ரப்பர் குழாய் ஒன்று இருக்கும். கம்பிகள் எல்லாம் அதற்குள்தான் போகின்றன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை மடங்கி நிமிரும். செல்போன் சார்ஜர் கம்பி ஏன் எப்போதும் பின்னுக்குப் பக்கத்திலேயே அறுகிறது என்று கேளுங்கள்; மீதியை அவர்களே சொல்வார்கள். பொத்தானை அழுத்திக்கொண்டே கதவை மெல்ல அசைத்துப் பார்த்து, ஏதோ ஒரு கோணத்தில் மோட்டார் முனகினால் அறுந்த இடம் அதுதான்.

இப்போது தலைப்பில் உள்ள புகாருக்கு வருவோம். கண்ணாடி இறங்குகிறது, ஏறவில்லை. "மோட்டார் போச்சு" என்பது முதல் பதில். எழுதச் சொல்லுங்கள்: இறங்குகிறது என்றால் எவையெல்லாம் நன்றாக இருக்கின்றன? பேட்டரி, ஃபியூஸ், ரிலே மூன்றும் நன்றாக உள்ளன. மோட்டார் சுற்றுகிறது. சுவிட்சிலிருந்து மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பிகளும் முழுமையாக உள்ளன. இல்லையென்றால் இறங்கவும் இறங்காது. அப்படியானால் மிஞ்சுவது சுவிட்ச். அதிலும் இரண்டு இடங்கள்: ஏற்றும்போது நேர்முனையைத் தொட வேண்டிய தகடு, அல்லது அப்போது எர்த்தில் நிற்க வேண்டிய எதிர்ப்பக்கத் தகடு. இரண்டாவதை நினைப்பவர் குறைவு. மின்னோட்டம் போனால் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்கு வேறு எடுத்துக்காட்டு தெரியவில்லை. ஒரு மாணவி எழுந்து, "இறங்குறதுக்குக் கண்ணாடியோட எடையே உதவும், ஏறும்போது எடையைத் தூக்கணும். ரப்பர்ல இறுகியிருந்தாலும் இப்படித்தானே சார் இருக்கும்?" என்று கேட்டாள். சரிதான். அதைப் பிரித்தறியத்தான் உள்விளக்குச் சோதனை.

இதே புகார் இடப்பக்கப் பயணியின் கதவில் வந்தால் கதை இன்னும் சுவையாகிறது. எளிய அமைப்புள்ள பல பழைய கார்களில், பயணியின் சுவிட்சுக்கு எர்த் நேரடியாகக் கிடைப்பதில்லை. ஓட்டுநர் கதவில் இருக்கும் முதன்மைச் சுவிட்ச் வழியாக, இரண்டு கம்பிகளில் வருகிறது. ஓட்டுநர் எல்லாக் கண்ணாடிகளையும் இயக்க முடிவது இந்த ஏற்பாட்டால்தான். இரண்டு கம்பிகளில் ஒன்று அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பயணி தன் சுவிட்சில் இறக்கினால் இறங்குகிறது, ஏற்றினால் ஏறாது. ஓட்டுநர் ஏற்றினாலும் ஏறாது, இறக்கினாலும் இறங்காது. நான்கு செயல்களில் மூன்று போய்விட்டன. அறுந்ததோ ஒரே ஒரு கம்பி. மற்றக் கம்பி அறுந்திருந்தால் எந்த ஒரு செயல் மட்டும் மிஞ்சும்? சுற்றுப்படத்தை வரைந்துகொடுத்து, நான்கு செயல்களுக்கும் மின்னோட்டத்தின் பாதையை நான்கு வண்ணப் பென்சில்களால் வரையச் சொல்லுங்கள். இதற்கு ஒரு முழுப் பாடவேளை தேவைப்படும், தாராளமாகக் கொடுக்கலாம். பழுது தெரியும் கதவும் பழுது இருக்கும் கதவும் வேறு வேறாக இருக்கலாம் என்பதைப் பிள்ளைகள் நம்புவதற்கே நேரம் பிடிக்கும். புதிய கார்களில் இந்தக் கம்பிகளுக்குப் பதிலாக மின்னணுக் கட்டுப்பாட்டு அலகுகள் வந்துவிட்டன. அவை நம் பாடத்துக்கு வேண்டாம்.

கண்ணாடி மெதுவாக ஏறுகிறது என்ற புகாரைக் கணக்காகவே கொடுத்துவிடலாம். மின்கலத்தில் 12.6 வோல்ட். மோட்டார் 8 ஆம்பியர் எடுக்கிறது. சுவிட்சின் தகடு கருத்துப்போய் 0.4 ஓம் மின்தடை சேர்ந்துவிட்டது. அங்கே இழக்கப்படும் மின்னழுத்தம் 3.2 வோல்ட்; மோட்டாருக்குக் கிடைப்பது 9.4 வோல்ட். சுவிட்சுக்குள் ஒவ்வொரு நொடியும் 25.6 ஜூல் வெப்பம். ஜூலின் வெப்ப விதிக்கு இஸ்திரிப் பெட்டியைத்தான் நாம் எப்போதும் சொல்கிறோம். விரும்பாத இடத்தில் வரும் வெப்பத்தையும் ஒருமுறை சொல்வது நல்லது. சுவிட்ச் சுடுகிறது, கண்ணாடி தவழ்கிறது என்ற இரண்டு அறிகுறிகளும் ஒரே காரணத்தின் இரு முகங்கள் என்று அப்போது புரியும். சுவிட்ச் சுடவில்லை, ஆனாலும் மெதுவாக ஏறுகிறது என்றால் கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தில் தூசி அடைந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் போதும். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ போட்டால் ரப்பர் உப்பும், தூசியும் ஒட்டும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, கண்ணாடி மட்டும் அசையவில்லை அல்லது கதவுக்குள் விழுந்துவிட்டது என்றால் ரெகுலேட்டரின் கேபிள் அறுந்திருக்கிறது. அதில் மின்சாரப் பாடம் எதுவும் இல்லை.

மேலே போய்த் தானாகக் கீழே வந்துவிடும் கண்ணாடியைப் பழுது என்று தள்ளிவிட முடியாது. தடை ஏதும் இருப்பதை உணர்ந்து திரும்பும் பாதுகாப்பு சில கார்களில் உண்டு. மோட்டாரின் வேகம் திடீரென்று குறைவதையோ, மின்னோட்டம் கூடுவதையோ வைத்து அது கண்டுகொள்ளும். தூசி அடைந்த ரப்பரை அது ஒரு கையென்று நினைத்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு ஒரே அழுத்தில் ஏறும் வசதி வேலை செய்யாமல் போவதும் பழுதல்ல. பல மாடல்களில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, பொத்தானைச் சில நொடிகள் பிடித்திருந்தால் நினைவு திரும்பிவிடும். சரியான முறை வண்டியின் கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தை மொழிபெயர்க்கச் சொல்லி ஆங்கில ஆசிரியரோடு சேர்ந்து ஒரு செயல்பாடும் வைக்கலாம்.

மூன்றாம் பாடவேளையைத் தொடக்கநிலை ஆசிரியர்களும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். இது சுற்றைப் பற்றியதல்ல, பிள்ளைகளின் கழுத்தைப் பற்றியது. மேற்சொன்ன பாதுகாப்பு எல்லாக் கார்களிலும் இல்லை. இருக்கும் கார்களிலும் பெரும்பாலும் ஓட்டுநர் கண்ணாடிக்கு மட்டுமே இருக்கிறது. மற்றக் கண்ணாடிகள் எதிரே இருப்பது காற்றா, கையா என்று பார்க்காமல் ஏறும். நம் கதவில் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு வெள்ளரிப்பிஞ்சை வைத்து, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஆசிரியரே பொத்தானை அழுத்துங்கள். காய் நசுங்கும் ஓசைக்குப் பின் விளக்கம் தேவைப்படாது. கையையோ பென்சிலையோ வைத்துக் காட்ட எவரையும் அனுமதிக்க வேண்டாம். தானாகத் திரும்பும் கண்ணாடிகளுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வைத்திருக்கும் எல்லை 100 நியூட்டன். அழுத்தம் அதை எட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். ஏறத்தாழ 10 கிலோ எடை. மாணவர்கள் 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்தால், பாதுகாப்பான எல்லை என்பதே எவ்வளவு பெரியது என்று தெரியும்.

சுவிட்சின் வடிவத்தையும் பேசுங்கள். பழைய கார்களில் முன்புறம் அமுக்கினால் இறங்கும், பின்புறம் அமுக்கினால் ஏறும் என்று தராசு போன்ற பொத்தான் இருக்கும். சீட்டின் ஓரத்தில் முழங்காலிட்டு, தலையை வெளியே நீட்டி வேடிக்கை பார்க்கும் குழந்தையின் முட்டி அதன் மேல் பட்டால் போதும். கண்ணாடி கழுத்துக்கு வரும். அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் இறந்த பிறகு, 2004-இல் விதியைத் திருத்தினார்கள். 20 மில்லிமீட்டர் ஆரமுள்ள உலோக உருண்டையால் 135 நியூட்டன் வரை அழுத்தினாலும் கண்ணாடி ஏறக் கூடாது என்பது சோதனை. அடுத்த ஆண்டு வந்த சட்டம், மேல்நோக்கியோ வெளிநோக்கியோ இழுத்தால்தான் ஏற வேண்டும் என்றது. முட்டியால் அமுக்க முடியும், இழுக்க முடியாது. 20 மில்லிமீட்டர் ஆரம் என்றால் டேபிள் டென்னிஸ் பந்தின் அளவு. 135 நியூட்டன் என்பது மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் எடை அளவு. இந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே முழங்காலைக் காட்டுவார்கள்.

இன்னொன்று, சாவி இல்லாத கார். ரிலேவுக்குச் சாவி வழியாகத்தான் மின்சாரம் வருகிறது. சாவியை எடுத்துச் சிறிது நேரத்தில் எல்லாக் கண்ணாடிகளும் செயலிழக்கும். கைப்பிடியைச் சுற்றும் பழைய காரில் உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தை கண்ணாடியை இறக்கிவிடலாம். இதில் முடியாது. பின்கதவில் குழந்தைப் பூட்டும் போட்டிருந்தால் கதவும் உள்ளிருந்து திறக்காது. கண்ணாமூச்சி ஆடும்போது நிறுத்தியிருக்கும் காரில் ஒளியக் கூடாது என்பதை முதல் வகுப்பிலிருந்தே சொல்ல வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வெப்பமானி போதும். ஆசிரியர் ஒருவரின் காரை வெயிலில் நிறுத்தி, அறை வெப்பமானியை நிழல்படும்படி உள்ளே வைத்து, ஆளில்லாமல் பூட்டி, வெளியிலிருந்தபடியே 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்து வரைபடம் போடச் சொல்லுங்கள். கோடு முதல் அரை மணி நேரத்தில்தான் செங்குத்தாக ஏறும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு மறுநாள் அதே நேரத்தில் திரும்பச் செய்தால், அந்த இடைவெளி பெரிதாக உதவுவதில்லை என்பதும் தெரியும். உள்ளே மாட்டிக்கொண்டால் முன்சீட்டுக்குத் தாவி ஹாரனை விடாமல் அழுத்த வேண்டும். பல கார்களில் சாவி இல்லாமலும் அது ஒலிக்கும். ஓட்டுநர் கதவின் கைப்பிடியையும் இழுத்துப் பார்க்க வேண்டும். குழந்தைப் பூட்டு பின்கதவுகளுக்குத்தான்.

வளரறி மதிப்பீட்டுக்கு நான் எழுத்துத் தேர்வு வைப்பதில்லை. ஒவ்வொரு குழுவும் மற்றொரு குழுவுக்காக நம் கதவில் ஒரு பழுதை வைக்க வேண்டும்: ஃபியூஸை மாற்றலாம், இணைப்பானைத் தளர்த்தலாம், தகட்டுக்கு நடுவே காகிதத் துண்டைச் செருகலாம். கண்டுபிடிக்கும் குழு, எது வேலை செய்கிறது என்ற பட்டியலை முதலில் தர வேண்டும். அதற்கு 5 மதிப்பெண். பழுதின் இடத்துக்கு 3. சரிசெய்வதற்கு 2. கதவைத் தட்டிப் பார்த்தால் ஒரு மதிப்பெண் குறையும் என்று அறிவித்திருக்கிறேன். இன்றுவரை ஏதாவது ஒரு குழு தட்டாமல் இருந்ததில்லை.